தவணைக்கு முந்தி

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில்
மறந்துபோன பையில்
ஐந்து உருளைக்கிழங்குகள் கண் திறந்திருந்தன.
வெள்ளையாய், நுனி கொஞ்சம் ஊதாவாய்,
வெளிச்சம் எந்தப் பக்கமென்று கேட்கிற மாதிரி.
குழம்பில் போட மனம் வரவில்லை.
குப்பையில் போடவும்.

கண்ணுக்கொரு துண்டாய் அறுத்து
சாம்பலில் புரட்டி
இரண்டு நாள் நிழலில் காயவிட்டு,
முளகுமூட்டில் இந்த வாடகை வீட்டின் பின்புறம்
கக்கூஸ் சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே
ஆறு முழப் பாத்தியில் நட்டேன்.
கார்த்திகை மழை விட்ட மறுநாள்.

சிசிலி மதிலுக்கு மேலே தலை நீட்டிச் சிரித்தாள்:
"இது என்ன ஊட்டியா பிள்ளே?
மரச்சீனிக் கம்பு ஒண்ணு தாறேன், குத்தி வையி.
நீ மறந்தாலும் அது வளரும்."
வாங்கி அதையும் நட்டேன்.
மறந்தேன். வளர்ந்தது.

உருளை அப்படி இல்லை.
தண்ணீர் கூடினால் அழுகும், குறைந்தால் கோபிக்கும்.
ஒரு சாண் ஏறும்போதெல்லாம்
கழுத்துவரை மண் கேட்கும்.
ஆபீஸ் விட்டு வந்து
(அண்டியாபீஸ்தான், எனக்கு வேறென்ன ஆபீஸ்)
சேலையை இடுப்பில் செருகி
சாணியும் தேங்காய்நார்த் தூளும் கலந்த மண்ணை
இரண்டு கையாலும் அணைத்துக் கொடுப்பேன்.
அண்டியெண்ணெய் கறுக்கவைத்த விரல்களில்
மண் ஒட்டினால் தெரியவே தெரியாது.

ஐம்பதாம் நாள் பூத்தது. வெள்ளைப் பூ.
கத்தரிப்பூவுக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம்.
அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் மத்தியாஸ் வந்தார்,
பதினொரு மாச எக்ரிமெண்டை நாலாக மடித்துப் பிடித்தபடி.
"மகன் குவைத்திலேருந்து வாறான்.
தை முடியும் முன்னே ஒழிஞ்சு தரணும்."
போகிற போக்கில் பூவையும் பார்த்தார்.
"இது என்ன, கீரையா?"

விரல்விட்டு எண்ணினேன்.
கிழங்கு முற்றத் தொண்ணூறு நாள்.
தை முடிய எழுபது.
செடிக்கு எக்ரிமெண்டு வாசிக்கத் தெரியாது.

அறுபதாம் நாள் ராத்திரி பொறுக்கவில்லை.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
தண்டோரம் கைவிட்டேன்.
செடி அறியாமல் எடுக்க வேண்டும்;
வேர் அறுந்தால் மற்றதெல்லாம் அப்படியே நின்றுபோகும்.
கல். இன்னொரு கல். சிரட்டைத் துண்டு.
பிறகு, கல்லைவிடக் குளிர்ந்து,
கல்லைப்போல் முரண்டாமல்
உள்ளங்கைக்குள் உருண்டு வந்தது ஒன்று.
கோலியைவிடப் பெரிது, கோழிமுட்டையைவிடச் சிறிது.
குழியை மூடி, மண்ணைத் தட்டி
ஒன்றும் நடக்காத மாதிரி நின்றேன்.
செடியும் நின்றது.

தை கடைசி ஞாயிறு
வண்டி வருமுன்னே
பச்சையாய் நின்றதையெல்லாம் பிடுங்கினேன்.
இரண்டரைக் கிலோ இருக்கும்.
தோல் இன்னும் தோலாகியிருக்கவில்லை.
கத்தி வேண்டாம், பெருவிரலால் ஒரு தேய்ப்பு போதும்.
பகல் முழுக்க
முந்திரிப் பருப்பின் சிவந்த தோலை
பருப்பு உடையாமல் கழற்றுகிற விரல்,
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற விரல்.
உடைந்தால் பிடித்தம் உண்டு அங்கே.
இங்கே கேட்க ஆளில்லை என்றாலும்
ஒன்றைக்கூட உடைக்கவில்லை.

அடுப்பும் சட்டியும் வண்டியில் ஏறிவிட்டன.
சிசிலி வீட்டு அடுப்பில், சிசிலி வீட்டு உப்பில் அவித்து
காந்தாரி மிளகாயும் உள்ளியும் சதைத்துப் போட்டு
தேங்காயெண்ணெய் விட்டுக் கிளறினேன்.
கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து தின்றோம்.
"சிறுகிழங்காக்கா?" என்றான் சாமான் ஏற்ற வந்த பையன்.
இல்லை என்று சொல்ல முடியாமல்
வாய் நிறைய இருந்தது, சூடாக.
சிசிலி ஊட்டியைப் பற்றி எதுவும் பேசவில்லை.
தட்டை மறுபடி நீட்டினாள்.

சாவி வாங்க வந்த மத்தியாஸ்
பின்புறம் ஒரு சுற்றுச் சுற்றினார்.
கிளறிய மண்ணைத் தாண்டி
மரச்சீனிக்கு முன்னால் நின்றார்.
"இதை எப்பப் பறிக்கலாம்?"
"ஐப்பசியிலே" என்றேன்.
சரி என்று தலையாட்டினார்,
ஐப்பசிவரை இருக்கப்போகிறவர்.